லேடீஸ் ஐட்டமும் சிப்பிப் பித்தானும்

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருடம் முடிந்துவிட்டது. அதற்காகக் கேக் வெட்டினோம், விருந்து வைத்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குக் காலையில் தபால் பெட்டியைத் திறந்தால் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு தாள் கிடந்தது. இந்தியாவிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, உள்ளே இருப்பது என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை, நேரில் வந்து எங்கள் முன்னால் பிரித்துக் காட்டவும் என்று எழுதியிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பெற்ற தாய்க்கும் இப்படித்தான் கடிதம் போடுவார்களோ என்று எனக்கு வந்த நாளிலிருந்து ஒரு சந்தேகம் உண்டு.

பார்சல் அனுப்பியது என் மைனி ஜெசிந்தா. திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலந்தலையில் இருக்கும் என் அண்ணனுடைய மனைவி. திருச்செந்தூர் தபாலாபீசில் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்தது ஆண் ஆள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். மைனி குரலைத் தாழ்த்தி "லேடீஸ் ஐட்டம்" என்றிருக்கிறாள். அவரும் நல்ல மனிதர் போல, மேற்கொண்டு கேட்காமல் அதையே எழுதி ஒட்டிவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இங்கே ஒரு அலுவலகமே மண்டையைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில்தான். ஊர் உலகத்துச் சரக்குக்கெல்லாம் தாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவள். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். என் சொந்த வீட்டுப் பார்சல் மட்டும் தாள் சரியில்லாமல் மாட்டிக்கொண்டது.

பார்சலில் இருந்தது துணி நாப்கின். மாதவிலக்குக்கு வைத்துக்கொள்வது, துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. என் மகள் ரெனியின் பள்ளிக்கூடத்துக்காக மைனியின் மகளிர் குழு தைத்தது. அது எப்படி ஆலந்தலையிலிருந்து ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

2

ரெனிக்குப் பதினாறு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இனிமேல் நான் வீகன் என்றாள். பால், முட்டை, தேன், தோல் செருப்பு, பட்டு எதுவும் ஆகாது. உயிருள்ள ஒன்றைக் கொன்றோ வருத்தியோ எடுத்த எதுவும் ஆகாது. சரி, சாப்பாட்டு விஷயம்தானே, சாம்பாரும் ரசமும் நமக்குப் புதிதா என்று நானும் தைரியமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் கடையில் நாப்கின் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, இது வீகனா?"

"இதை யாருடி சாப்பிடப் போறா?" என்றேன்.

நான் சொன்னது நல்ல பகடி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. நாப்கினின் அடியில் ஒட்டும் பசை எதிலிருந்து வருகிறது? மேலே தடவியிருக்கிற கிரீம் எதன் கொழுப்பு? வாசனைக்குச் சேர்த்ததை எங்கேயாவது ஒரு கூண்டில் முயலுக்கோ எலிக்கோ தடவிப் பார்த்திருப்பார்களா? உள்ளே விலங்குப் பொருள் இல்லாவிட்டால் வீகன், விலங்கின் மேல் சோதிக்காவிட்டால் கொடுமையில்லாதது, இரண்டும் வேறு வேறு, ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமலும் போகலாம் என்று அந்தக் கடையின் நடுவில் நின்று எனக்குப் பாடம் எடுத்தாள். சுற்றிலும் ஆணும் பெண்ணும் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குக் காது சுட்டது. நான் காலேஜில் படித்தபோது தூத்துக்குடியில் தங்கியிருந்த தெருவில் கடை வைத்திருந்த அண்ணாச்சி நாப்கினைப் பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புப் பையில் போட்டு, அதன் மேல் சணல் கட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார். கருவாட்டுக்குக்கூட அவர் அத்தனை கட்டுப் போட்டதில்லை. அந்தக் கட்டைப் பார்த்தே தெருமுழுக்க விஷயம் தெரிந்துகொள்ளும். அங்கேயிருந்து வந்தவள், இங்கே உருளைக்கிழங்குக்கும் சலவைத்தூளுக்கும் நடுவில் நாப்கினைப் போட்டுக் காசாளரிடம் தள்ளப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த நாப்கினில் முயல் இருக்கிறதா என்று கேட்கிற மகளுக்கு என்ன பதில் சொல்வது?

ரெனி கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டாள். பாதிப்பேர் பதிலே போடவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து மட்டும் மிக மரியாதையாகப் பதில் வந்தது. எங்களுக்குத் தெரிந்தவரை எங்கள் பொருளில் விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை என்றார்கள்.

"தெரிந்தவரை எண்டால் என்ன அம்மா? தெரிஞ்சுகொள்ள விருப்பமில்லை எண்டுதானே அர்த்தம்?" என்று குதித்தாள்.

அவள் பேச்சு இப்படித்தான் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது யாழ்ப்பாணத்து டீச்சர். அதனால் என் வயிற்றில் பிறந்த பிள்ளை ஆமாம் என்பதற்கு ஓம் என்கிறாள். முதல் தடவை போனில் அதைக் கேட்ட மைனி, "என்னளா, பிள்ளை மந்திரம் சொல்லுதா?" என்று பயந்தே போனாள்.

எனக்கு ஒரே ஒரு தடவை அவளிடம் நல்ல பெயர் கிடைத்தது. இயற்கைப் பொருள் விற்கிற கடையில் கடற்பஞ்சு என்று ஒன்று வைத்திருந்தார்கள். மாதவிலக்குக்கு உள்ளே வைத்துக்கொள்ள, கடலே தந்த பரிசு என்று போட்டிருந்தது. ஏதோ கடல் செடி என்று நினைத்து ரெனி எடுத்துவிட்டாள். நான் பார்த்தேன். அண்ணன் வலையில் எத்தனை தடவை வந்து விழுந்திருக்கிறது!

"இது செடியில்லடி, உசிரு. கடலுக்கு அடியில பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றேன்.

அங்கேயே போனில் தேடிப் பார்த்தாள், நான் சொன்னது சரி. அன்று முழுக்க என்னை ஒரு மரியாதையோடு பார்த்தாள். நானும் விடாமல் அந்த மரியாதையை இரண்டு நாள் இழுத்தேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் ஒரு பெட்டி வைக்க ரெனியும் அவள் தோழிகளும் அனுமதி வாங்கினார்கள். மாதவிலக்கு வந்து கையில் ஒன்றுமில்லாமல் தவிக்கிற பெண் யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்கு ஒரு விதியும் போட்டார்கள். வீகனாகவும் கொடுமையில்லாததாகவும் இருப்பது மட்டுமே உள்ளே வரும். விதியை எழுதியது என் மகள். அடுத்த வாரமே, "எங்கட அத்தை துணியில தைக்கிறா, அதை வைப்பம்" என்று பெருமையாகக் கை தூக்கியதும் அவள்தான்.

3

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது பார்சல் இல்லை, அண்ணன்தான்.

அண்ணன் ஆலந்தலையில் சொந்தப் படகு வைத்து மீன்பிடிக்கிறான். போன தடவை நாங்கள் ஊருக்குப் போனபோது, மருமகள் வந்திருக்கிறாள் என்று அன்றைக்குக் கிடைத்ததிலேயே நல்ல சீலா மீனை ஏலத்துக்கு விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மைனி குசினியில் நின்று குழம்பும் பொரியலும் ஆக்கினாள். ரெனி அப்போதுதான் வீகனாக மாறியிருந்தாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "மாமா, அதுக்கு வலிக்கும்" என்றாள்.

அண்ணன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அவன் பாட்டன் காலத்திலிருந்து கடலில் போய் வந்த சோறு அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைக் கொலை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு நான் போன் செய்தால் வெளியே போயிருக்கிறான், படுத்திருக்கிறான், வலை பார்க்கிறான் என்பார்கள். ரெனியும் இனி ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அங்க எல்லாருக்கும் நான் பாரம்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, நடுவில் ஒரு ஜன்னல் போலத் திறந்திருந்தது மைனி ஒருத்திதான். அவளும் ரெனியும் பேசிக்கொள்வதெல்லாம் நாப்கின் கதைதான். அந்தப் பேச்சும் நின்றுபோனால் என் மகளுக்கு ஆலந்தலை என்பது வெறும் வரைபடத்துப் புள்ளியாகிவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது.

மைனி நாப்கின் தைக்க ஆரம்பித்ததே அண்ணனால்தான். ஒரு நாள் கடலிலிருந்து வந்தவன் முகம் கறுத்து நின்றிருக்கிறான். வலையில் மீனோடு ஊறிப்போன நாப்கினும் வந்திருக்கிறது. என்ன வந்தது என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. "உங்க சாமானெல்லாம் கடலுக்கு வந்துட்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பெண்கள் மண்ணில் புதைத்ததும் குப்பையில் போட்டதும் மழைத் தண்ணீரில் கடலுக்குப் போய்விடுகிறது. நைட்டி தைத்துக்கொண்டிருந்த மைனி அன்றைக்கே பழைய பருத்தி வேட்டியை மடித்து ஒன்று தைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது கோயிலுக்குப் பக்கத்து அறையில் மெஷின் போட்டு ஏழெட்டுப் பெண்கள் தைக்கிறார்கள்.

பெட்டிக்காக ரெனி போனில் மைனியை விசாரித்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. துணி? கைத்தறிப் பருத்தி. நூலுக்குப் போட்ட கஞ்சி? மில் நூலாக இருந்தால் ஆட்டுக் கொழுப்பு சேர்த்திருப்பார்களாம், இவள் எங்கேயோ வாசித்திருக்கிறாள். மைனி தறிக்காரரிடமே கேட்டுச் சொன்னாள், அரிசிக் கஞ்சிதான். பசை கிடையாது, வாசனை கிடையாது.

"விலங்கு மேல சோதிச்சீங்களா அத்தை?"

"விலங்கு மேலயா? எதுக்குளா? ரீத்தா மேல சோதிச்சோம்."

ரீத்தா குழுவில் தைக்கிற பெண், மீன் ஏலத்துக்கும் போகிறவள்.

"வெயில்ல ஏலக்கூடத்துல நின்னா. சாத்தான்குளத்துக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போயிட்டு வந்தா. வந்து கத்துனா பாரு கத்து, தொடை உரசுதுன்னு. அப்பொறம் ஓரத்த மடிச்சுத் தைச்சோம். ஏன் ரெனி, ரீத்தா கத்துனது கொடுமைல சேருமா?"

ரெனி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வருடத்தில் ஊர் ஆள் ஒருவரோடு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

4

சுங்க அலுவலகத்துக்கு ரெனியும் என்னோடு வந்தாள். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டவுடன் அவருக்குப் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை வந்துவிட்டது.

அதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடி. கத்தியை எங்களிடம் தந்து பிரிக்கச் சொன்னார். மைனி கட்டின கட்டைப் பிரிக்கவே நேரம் ஆனது. உள்ளே ஒரு பனையோலைப் பெட்டி, அதற்குள் அடுக்கடுக்காகத் துணி நாப்கின்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மடிகிற துணி, இறக்கை முனையில் ஒரு பித்தான்.

"குழந்தைக்குப் போடுவதா?" என்றார்.

நான் ஜெர்மனில் சொல் தேடிக்கொண்டிருந்தேன். பதினேழு வருடம் பேசிய மொழி சரியான நேரத்தில் கைவிட்டுவிட்டது. தூத்துக்குடி அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. ரெனிதான் பளிச்சென்று சொன்னாள், மாதவிலக்குத் துணி, புதியது, பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை. அவர் கொஞ்சமும் அசையவில்லை. நல்ல தையல் என்று பாராட்டிவிட்டுப் பித்தானை விரலால் தடவினார். பித்தான் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையும் ரோசாவும் பச்சையுமாக மினுங்கியது.

"இது பிளாஸ்டிக்கா, சிப்பியா? எழுத வேண்டும்" என்றார்.

அதுவரை மென்று முழுங்கிக்கொண்டிருந்த எனக்கு எங்கேயிருந்துதான் ஜெர்மன் வந்ததோ! சிப்பி, சுத்தமான கடல் சிப்பி, எங்கள் கடலில் முத்தெடுத்த காலத்திலிருந்தே பெயர் பெற்றது, பிளாஸ்டிக் இல்லவே இல்லை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் தலையாட்டி எழுதினார். விலங்கிலிருந்து பெறப்பட்டது, சிப்பி.

திரும்பிப் பார்த்தால் ரெனியின் முகம் செத்துப்போயிருந்தது.

முன்பெல்லாம் மைனி வைத்துத் தைத்தது பிளாஸ்டிக் அழுத்துப் பித்தான். அதை வைத்துத்தான் ரெனி எல்லாக் கேள்வியும் கேட்டிருந்தாள். பித்தானை மைனி மாற்றுவாள் என்று யாருக்குத் தெரியும்? பிறகு மைனி எனக்குச் சொன்னாள். "வெளிநாட்டுக்குப் போறதுல்லா, அதுவும் நம்ம பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. பிளாஸ்டிக் வச்சா நம்மள என்ன நெனப்பாங்க?" பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய், சிப்பிச் சாமான் விற்கிற கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கியிருக்கிறாள். பாசத்தில் செய்ததுதான் பிள்ளையின் விதியில் போய் இடித்தது. பழைய பித்தானோடு சும்மா விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

5

வீட்டுக்கு வந்ததும் நான் நடைமுறைக்கு ஒத்த ஒரு யோசனை சொன்னேன்.

"கடையில பிளாஸ்டிக் பித்தான் வாங்கி நானே மாத்தித் தைச்சிடுதேன். மைனிக்குச் சொல்ல வேண்டாம். போட்டோ கேட்டா மடிச்சு வச்சு எடுத்து அனுப்புவோம்."

"அத்தைக்குப் பொய்யா?" என்று என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டோம். ஊரில் சாயங்காலம். மைனி தலையில் பூவோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் குசினி வாசலில் அண்ணனின் முதுகு தெரிந்தது, எங்கள் குரல் கேட்டதும் நகர்ந்துவிட்டது.

"அத்தை, துணி எல்லாம் நல்ல வடிவு. ஆனால் அந்தப் பித்தானை எங்கட பெட்டியில வைக்க ஏலாது."

"ஏம்ளா, பிஞ்சிட்டா?"

"இல்லை. அது சிப்பி. உயிரா இருந்தது."

மைனி முதலில் சிரித்தாள். ரெனி சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்போ பிளாஸ்டிக்னா பரவால்லியா?"

"ஓம்."

"சேசுவே! பிளாஸ்டிக் நல்லது, சிப்பி கெட்டதா? ஒங்க மாமா வலைல பிளாஸ்டிக்கு வந்து விழுதது போதாதா? அத நீ கொடுமைல சேக்க மாட்டியா?"

"அதுவும் சரிதான் அத்தை" என்று ரெனி ஒத்துக்கொண்டாள். எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் அவளைப் பேசவிடாமல் மடக்கியவர் யாரும் இதுவரை கிடையாது.

மைனிக்கு ஆனாலும் மனம் பொறுக்கவில்லை.

"நாங்க என்ன கொன்னா எடுத்தோம்? எனக்குத் தெரிஞ்சவரை அதெல்லாம் செத்துக் கரை ஒதுங்குன சிப்பிதான். அதப் பொறக்கித்தான் பித்தான் அறுக்காங்க."

கரை ஒதுங்கியது என்றால் விதிக்குள் வந்துவிடும்! யாரையும் கொல்லவில்லை, வருத்தவில்லை. மேசைக்கு அடியில் ரெனியின் காலை மிதித்தேன், பிடித்துக்கொள் என்று. அவள் மைனியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி அத்தை" என்றாள்.

போனை வைத்ததும் பார்சலைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப்போகவில்லை, திருப்பி அனுப்பவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. தெரிந்தவரை என்று எழுதிய கம்பெனியிடம் பாய்ந்தவளுக்கு, அதையே அத்தை சொல்லும்போது பாய முடியவில்லை. ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அந்த வாரம் மைனி அனுப்பிய காலை வணக்கப் படங்களுக்கு அவள் பதில் போடவில்லை. ஜன்னலும் சாத்திக்கொண்டது என்று நினைத்து எனக்கு ஆபீசில் வேலையே ஓடவில்லை.

6

வெள்ளிக்கிழமை ரெனி பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. மைனி. பின்னால் ஒரே பஸ் சத்தம்.

"ரெனி, நான் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். பித்தான் கடைக்குப் போயிட்டுத்தான் வாரேன்."

"ஏன் அத்தை?"

"தெரிஞ்சவரைன்னு சொல்லிட்டேம்லா, மனசு கேக்கல. கடக்காரன் மொதல்ல சமாளிச்சான். நான் விடல. நீ சொன்னதுதான் சரி, பிள்ள. உசிரோட எடுத்து, வெந்நில போட்டு வாயத் தெறக்க வச்சு, கறிய வழிச்சிட்டுத்தான் சிப்பி ஓட்ட அறுக்காங்களாம். கரை ஒதுங்குனது நெறம் மங்கி பொத்தல் விழுந்திருமாம், பித்தானுக்கு ஆவாதாம்."

ரெனி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அத்தை, நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"நான் மீன் திங்கவ. நாளைக்கும் திம்பேன், அதுல ஒனக்கு வருத்தம் இருந்தாலும் திம்பேன். ஆனா ஒங்கிட்ட ஒன்னு சொல்லி அது பொய்யாவக்கூடாது. பித்தான அறுத்துப் போடு. பருத்தி நாடா வச்சுக் கட்டிக்கிடலாம்னு ரீத்தா சொல்லுதா. பஸ் வந்துட்டு, வச்சிருதேன்."

ரெனி அழுதாள். நானும்தான். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் தெரிந்தவரை என்று ஒரு வரி எழுதிவிட்டு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. என் மைனி, தான் தோற்றுப்போவதற்கென்றே பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு ஊர் என்ன கொடுத்துவிட முடியும்?

சனிக்கிழமை ரெனியின் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து பித்தானை எல்லாம் வெட்டி எடுத்து நாடா வைத்துத் தைத்தார்கள். தையல் கொஞ்சம் கோணல் மாணலாகத்தான் இருந்தது, ஜெர்மன் கைகள் எல்லாவற்றிலும் நேர்த்தி என்பதெல்லாம் சும்மா. நான் சுண்டல் செய்து கொடுத்தேன், ஒரு கடலை மிஞ்சவில்லை. என் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, தானும் ஊசியில் நூல் கோர்த்துத் தரட்டுமா என்று கேட்டார். செடிகளுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குள் போனது. மேலே ரெனி ஒரு அட்டை எழுதி ஒட்டியிருந்தாள். அதைப் படம் எடுத்து மைனிக்கு அனுப்பி, ஜெர்மனில் எழுதியிருந்ததைத் தமிழில் நானே சொன்னேன்: "எந்த விலங்கின் மேலும் சோதிக்கப்படவில்லை. ஆலந்தலை ரீத்தாவின் மேல் சோதிக்கப்பட்டது. ரீத்தா கத்தினார். குறை சரிசெய்யப்பட்டது." ரீத்தா அந்தப் படத்தை ஏலக்கூடம் முழுக்கக் காட்டியிருக்கிறாளாம்.

7

அறுத்த பித்தான்களை ரெனி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருந்தாள். அடுத்த ஞாயிறு பேசும்போது அதைத் தூக்கிக் காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டாள்.

"கடக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். கடல்லருந்து வந்தது, கடல்லயே போட்டுரு."

"இந்தக் கடல் இல்லை அத்தை, இதுகள் உங்கட கடல்."

"அப்போ இங்கன வந்து போடு."

மைனி எப்போதும் போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். ரெனி குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"கிறிஸ்மஸ் லீவுக்கு வாறன்" என்றாள்.

மைனிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆளைக் காணோம், தோளில் கிடந்த துண்டின் நுனி மட்டும் திரையில் தெரிந்தது.

"அவ என்ன திம்பான்னு கேளு."

"நீங்களே கேளுங்க. வாய் இல்லையா?" என்று மைனி போனை அந்தப் பக்கம் நீட்டிவிட்டாள்.

அண்ணன் போனை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் முகத்துக்குக் கீழே பிடித்தான். மூன்று வருடம் கழித்து என் அண்ணனின் மூக்குத் துவாரம் திரை முழுக்க வந்தது. மீசை நரைத்திருந்தது.

"ஏளா ரெனி, பனங்கெழங்கு ஒனக்கு ஆவுமா?"

"ஓம் மாமா."

"அவிச்சுத் தாரேன். கருப்பட்டிக் காப்பி குடிப்பியா? பால் இல்லாம?"

ரெனி சந்தோஷத்தில் ஓம் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு பழக்க தோஷம், "கருப்பட்டி எப்பிடிச் செய்யிறது மாமா?" என்று கேட்டுவிட்டாள். நான் இந்தப் பக்கமிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், யார் பார்த்தார்கள்?

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது பனையில பதனி எறக்கும்போது கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்க, அப்பந்தான் புளிக்காது..."

"சுண்ணாம்பு எதில இருந்து மாமா?"

எங்கள் கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு செய்வார்கள். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கிளிஞ்சல் எப்படி வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவன் மைனியைப் பார்த்தான், மைனி அவனையே பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சவரை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இரு பிள்ள. நாளைக்கு உடன்குடி போயி, கருப்பட்டி காய்ச்சுதவங்கட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

இன்றைக்குக் காலையில் மைனியிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. படகுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உடன்குடி பஸ்ஸுக்கு நிற்கிற என் அண்ணன்.